தரை மெருகு காய்கிறது

1

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் போன மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புதுப்பிக்கப்பட்ட முன்கூடத்தில் சிலர் காலணிகளைக் கழற்றி விட்டுச் செல்கிறார்கள், மற்றவர்கள் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு, இந்தப் பழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் நிர்வாக அலுவலகத்தில் தெரிவிக்கவும் என்று அதில் இருந்தது.

தொடங்கிவைத்தவன் நான்தான்.

டொராண்டோவுக்கு வெளியே இந்தக் கட்டடத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இத்தனை நாள் முன்கூடத்தில் பழுப்புக் கம்பளமும், யாரும் உட்காராத ஒரு சோபாவும் இருந்தன. ஐந்து மாதம் அடைத்துப் போட்டு வேலை செய்து, வெள்ளைக் கல் பதித்துத் திறந்தார்கள். அன்று நான் மருந்துக் கடையிலிருந்து திரும்பினேன். பனிக்குழம்பும் உப்பும் அப்பிய பூட்ஸோடு கதவைத் திறந்தால், தரையில் என் முகம் தெரிகிறது. யோசிக்கவில்லை. குனிந்து கழற்றி சுவரோரம் வைத்துவிட்டு, காலுறையோடு ஒன்பதாவது மாடிக்குப் போனேன்.

மறுநாள் காலையில் என் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணியின் பூட்ஸும் ஒரு குழந்தையின் ஷூவும் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு ஜோடி. பஞ்சாபிக் குடும்பம், நாலாவது மாடிச் சீனப் பாட்டி, கல்லூரியில் படிக்கும் சோமாலியப் பையன் என எல்லாரும் கழற்றியிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு வாசலில் ஒரு ஜோடி கிடந்தால் போதும், இரண்டாவது ஆள் கழற்றிவிடுவார். மூன்றாவது ஆளுக்கு அது சட்டம்.

மகள் நிர்மலாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ஷூவைக் கழற்றத்தான் வீடு இருக்கேப்பா. லாபியில ஏன் கழற்றினீங்க?"

"தரை நல்லா இருந்தது."

"நீங்க சொல்லிடாதீங்க. யாருக்கும் தெரியாது. விட்டுடுங்க."

இதே அறிவுரையை ஐம்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், தாம்பரத்தில். அப்போது ஒரு முன்கூடத்தில் எல்லாரும் செருப்பைக் கழற்றக் காரணமாக இருந்தேன். தண்டனை தேவசகாயம் என்ற மனிதருக்குப் போனது. போன மாதம் வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, காலஞ்சென்ற என் மனைவியிடம்கூட. ஊரில் இருக்கும் உங்களுக்கு இப்போது எழுதுகிறேன்.

2

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி எங்கள் கம்பெனியின் மூன்று மாடிக் கட்டடம். கோவிலம்பாக்கம், ஊரப்பாக்கம் பக்கமெல்லாம் நிலங்களை வாங்கி, கல் நட்டு, மனைகளாகப் பிரித்து விற்பது கம்பெனியின் தொழில். நான் கட்டடக்கலை படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. படித்தது பெரிய பெரிய கட்டடங்கள். வரைந்தது முப்பதுக்கு நாற்பது மனைகள், எல்லாம் ஒரே அளவு.

கீழ்த்தளத்து முன்கூடத்தில் சிவப்புத் தரை, இரண்டு நீள பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் தேவசகாயம் சார். உயரமான மனிதர். சேலையூரில் வீடு, நடந்தே வருவார். இடது முழங்கால் கொஞ்சம் மடங்க மறுக்கும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. வருகிற ஜனங்களுக்கு எந்த மாடி, எந்த ஆள் என்று சொல்லி அனுப்புவது அவர் வேலை.

"எங்கேர்ந்து வர்றீங்க? அனகாபுத்தூரா? அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறணுமே. உட்காருங்க, தண்ணி குடிங்க. மனை எங்கே? ரெண்டாவது மாடி. இப்போ போகாதீங்க, சாப்பாட்டு நேரம். போனா 'நாளைக்கு வா'ன்னுடுவாங்க. ரெண்டரைக்குப் போங்க, வயிறு நிறைஞ்சிருக்கும், கையெழுத்து போட்டுடுவாங்க."

கம்பெனியின் மானேஜிங் டைரக்டர் ஒருமுறை பம்பாய் போய் வந்தார். வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம வாசல்ல நுழைஞ்சா தாலுக்கா ஆபீஸ் மாதிரி இருக்கு. பெஞ்சு, பானை, அந்த ஆளு. லாபின்னா எப்படி இருக்கணும் தெரியுமா? உள்ளே வர்றவன் கொஞ்சம் பயப்படணும்."

பயப்படும்படி செய்து கொடுத்தேன். வெள்ளை மொசைக் தரை, ஏழு தடவை தேய்த்து மெருகேற்றியது. சட்டம் தெரியாத கண்ணாடிக் கதவு. வளைந்த சன்மைக்கா மேடை, மார்பு உயரத்துக்கு. குரோட்டன்ஸ் தொட்டிகள் நாலு. வேறொன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததில்தான் எனக்குப் பெருமை.

வரைபடத்தை தேவசகாயம் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி. இதுல ஜனங்க எங்கே உட்காருவாங்க?"

"இது உட்கார்ற இடம் இல்லை சார். கடந்து போற இடம்."

"அப்படியா. அது அவங்களுக்குத் தெரியுமா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "நான் எங்கே உட்காரணும்?" என்றார். உயரமான ஸ்டூல் ஒன்றைக் காட்டினேன். அதில் அந்த முழங்காலோடு ஏற முடியாது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு அவர் நாள் முழுக்க நின்றார்.

3

திறந்த நாளிலிருந்து கண்ணாடிக் கதவில் ஜனங்கள் மோதினார்கள். பியூன் கோவிந்தன்தான் கணக்கு சொன்னார்.

"இன்னா சார் கதவு இது? கீதுன்னே தெரில. காலைலேர்ந்து ஆறு பேரு மோதிக்கினாங்க. ஒருத்தரு எதுக்க யாரோ வராருன்னு கையெடுத்துக் கும்பிட்டுகினே வந்து மோதினாரு. அவரு நெழலு சார் அது."

கதவில் சிவப்பு ரிப்பன் ஒட்டினேன். அது சரியாயிற்று. என் கவலை வேறு.

வெளிநாட்டில் வேலைக்கு அப்போது நான் மனு போட்டுக்கொண்டிருந்தேன். கனடாவில் ஒரு கட்டடக்கலை நிறுவனம், நான் செய்த வேலையின் புகைப்படம் கேட்டிருந்தது. மனுவின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவர் தேவசகாயம் சார்தான். ரகசியமும் அவருக்கு மட்டுமே தெரியும். புகைப்படக்காரர் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றார். திறந்ததோ புதன்கிழமை. அதற்குள் மூன்று நாள் செம்மண்ணும் சாணியும் மிதித்த செருப்புகள் என் தரையில் நடக்கப்போவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தேவசகாயம் சாரின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவருடைய தேவாலயத்து வாசல் பலகையில் வாராவாரம் வசனம் எழுதுவது அவர்தான். ஒரு பலகையைக் கொண்டுபோய் மேடைமேல் வைத்தேன்.

"'தரை மெருகு காய்கிறது. தயவுசெய்து காலணிகளைக் கழற்றி வரவும்'னு எழுதிக் கொடுங்க சார்."

"மெருகு போன வாரமே காய்ஞ்சாச்சே தம்பி."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் சார். போட்டோ எடுத்துட்டா எடுத்துடலாம்."

"பொய் எழுதச் சொல்றீங்க."

"சின்னப் பொய்தானே சார்."

அவர் தூரிகையை மையில் தோய்த்தார். "'தயவுசெய்து'வை மட்டும் கொஞ்சம் பெருசா எழுதறேன். பொய் சொல்றப்போ மரியாதையாவது இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை புகைப்படம் எடுத்தாயிற்று. ஓர் ஆள் இல்லாத, ஒரு தடம் இல்லாத தரை. திங்கட்கிழமை காலையில் பலகையைக் கழற்றி, மேடைக்குப் பின்னால் செருகினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பலகை போனது, செருப்பு போகவில்லை. ஒருவர் கழற்றுவதைப் பார்த்து இன்னொருவர் கழற்றினார். வாசலில் பத்து, இருபது, ஐம்பது ஜோடி. பழைய பலகையைப் பார்க்காதவர்கள்தான் அதிக பயபக்தியோடு கழற்றினார்கள். இரண்டாவது வாரம் நானே 'காலணிகளுடன் வரலாம்' என்று ஒரு பலகை வைத்தேன். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, அதைப் படித்தார்கள். அனகாபுத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"அதான் போட்டிருக்கே, செருப்போட வரலாம்னு?"

"அவங்க அப்படித்தான் போடுவாங்க தம்பி. மரியாதை நம்மகிட்ட இருக்கணும்ல."

மே மாதம் வேறு. வெறுங்காலில் மொசைக் குளுகுளு என்று இருந்தது. பெஞ்சு இல்லாததால் தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். கடந்து போகிற இடத்தில் குடும்பம் குடும்பமாக எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். தேவசகாயம் சார் மேடைக்குப் பின்னால் நின்றபடி, "ஓரமா உட்காருங்கம்மா, தொட்டி பக்கம் நிழல் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

4

பம்பாயிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். எங்கள் கம்பெனியோடு கூட்டுச் சேரலாமா என்று பார்க்க வந்தவர். அவரை வரவேற்க மானேஜிங் டைரக்டர் மாலையோடு முன்கூடத்தின் நடுவில் நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

அதிகாரி காரிலிருந்து இறங்கினார். வாசலில் அறுபது ஜோடி செருப்பைப் பார்த்தார். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு காலில் நின்று ஷூவைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார். கண்ணாடிக் கதவைச் சரியாகத் திறந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். நைலான் காலுறையோடு என் மொசைக்கில் மூன்று அடி வைத்தார். நாலாவது அடியில் இரண்டு காலும் முன்னால் போயிற்று. அவர் உட்கார்ந்த நிலையிலேயே வழுக்கிக்கொண்டு மானேஜிங் டைரக்டரின் காலடி வரை வந்து சேர்ந்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "பார்த்து வரக் கூடாதாப்பா" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மானேஜிங் டைரக்டருக்கு வேறு வழி தெரியவில்லை, உட்கார்ந்திருந்தவருக்கே மாலையைப் போட்டார்.

கூட்டம் முடிந்து கீழே வந்தபோது அதிகாரியின் ஒரு ஷூவைக் காணோம். ஒரு நாய் எதையோ கவ்விக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனதைக் கோவிந்தன் பார்த்திருக்கிறார். தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்ததும் அவர்தான். "அளவு கரீட்டா கீது சார்" என்றார், பெருமையோடு. அதிகாரி அந்தச் செருப்போடு பம்பாய் போனார். கூட்டு சேரவில்லை.

5

செருப்பு விவகாரத்தை யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க மானேஜிங் டைரக்டர் மூன்று பேர் கொண்ட குழு போட்டார். நிர்வாக அதிகாரி, தலைமைக் கணக்கர், மூன்றாவதாகத் தரையைப் பற்றித் தெரிந்தவன் என்ற முறையில் நான்.

இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மேடைக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நிர்வாக அதிகாரி அதை மேஜைமேல் வைத்துவிட்டு முதலில் என்னைக் கேட்டார்: "டெக்னிக்கலா சொல்லுங்க. இந்தத் தரைக்குச் செருப்பைக் கழற்றணுமா?"

"தேவையில்லை சார்" என்றேன். அது உண்மை.

அடுத்து தேவசகாயம் சாரைப் பார்த்தார். "இது யார் கையெழுத்து?"

"என்னுடையதுதான் சார்."

"யார் எழுதச் சொன்னாங்க?"

தேவசகாயம் சார் என் பக்கம் திரும்பினார். ஒரு விநாடிதான். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில். வெளிநாட்டுக்குப் போக கம்பெனியின் நன்னடத்தைச் சான்றிதழ் எனக்கு வேண்டியிருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு சுற்று சீவினேன்.

"நானேதான் எழுதினேன் சார்" என்றார் தேவசகாயம்.

"எதுக்கு?"

"தரை நல்லா இருந்தது சார்."

ஊரப்பாக்கத்துக்கு மாற்றினார்கள். இன்றைக்கு ஊரப்பாக்கம் என்றால் அடுக்குமாடியும் கடைத்தெருவுமாக இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அன்றைக்கு எங்கள் மனைகள் இருந்த பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் எண் போட்ட கற்களும்தான். யாராவது மனை பார்க்க வந்தால் கல்லைக் காட்ட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும், அந்த முழங்காலோடு.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன்.

"சார், சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் நானே போய் உண்மையைச் சொல்லிடறேன். ஒரு மாசம்தான்."

"சரி தம்பி."

"ஏன் சார் என் பேரைச் சொல்லலை?"

"உங்க மனுவை மூணு தடவை திருத்தியிருக்கேன். கடைசியில இந்தச் செருப்பால போகணுமா?" பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "ஊரப்பாக்கத்துல ஒரு வசதி இருக்கு. அங்கே யாரும் செருப்பைக் கழற்ற மாட்டாங்க. முழுக்க முள்ளு."

சான்றிதழ் மூன்று வாரத்தில் வந்தது. அதில் 'நேர்மையானவர்' என்று ஒரு வரி இருந்தது. விசா வரட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். விசா வந்தது. டிக்கெட் வரட்டும் என்றிருந்தேன். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியபோது, போய்ச் சேர்ந்ததும் விவரமாகக் கடிதம் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். முன்கூடத்தில் பெஞ்சுகள் திரும்ப வந்துவிட்டன என்று பிறகு அறிந்தேன். தேவசகாயம் சார் திரும்ப வரவில்லை.

6

இங்கே வந்தபோது புகைப்படத்தைப் பார்த்து என் மேலாளர், "அருமை. ஆட்கள் எங்கே?" என்றார். "ஞாயிற்றுக்கிழமை" என்றேன். ஆள் இல்லாத இடத்தை நன்றாக வரைகிறவன் என்று நினைத்தார்களோ என்னவோ, முப்பது வருடம் எனக்கு மருத்துவமனைக் கழிவறைகளே கிடைத்தன.

குடியேற்றப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு நான் மிஸ்டர் வேதகிரி. செங்கல்பட்டைத் தாண்டிப் போகாத என் அப்பாவுக்கு இங்கே ஓட்டுரிமை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. நிர்மலாவும் அவள் மகனும் வேதகிரிகள்தான். பேரன் என் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அதுவும் பாதி வாக்கியத்தில். 'மெட்ராஸில் தாத்தா பிரபலமான கட்டடம் ஒன்றை வடிவமைத்தார்' என்று பள்ளியில் ஒரு கட்டுரை எழுதினான். அந்தப் புகைப்படத்தையும் ஒட்டினான்.

தேவசகாயம் சாரிடமிருந்து முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, அச்சு மாதிரிக் கையெழுத்தில். அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை, என் உடம்பைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான். நான் பதிலில் பனியைப் பற்றி எழுதினேன். பலகையைப் பற்றி எழுதவில்லை. மூன்றாவது வருடம் அவர் மனைவி எழுதியிருந்தார். ஓய்வு பெற்று ஆறு மாதத்தில் போய்விட்டார்.

பல வருடம் கழித்து ஒருமுறை தாம்பரம் வந்தேன். அந்த முன்கூடத்தைத் தடுத்து ஒரு ஜெராக்ஸ் கடையும் எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார்கள். என் மொசைக் கறுத்துக் கிடந்தது. பூத்தின் வாசலில் நாலு ஜோடி செருப்பு.

7

நிர்மலா சொன்னபடி விட்டுவிடத்தான் இருந்தேன். ஆனால் அறிவிப்பு ஒட்டிய மறுநாள், முன்கூடத்தைத் துடைக்கும் விக்டர் என்னிடம் பேசினார். கயானாக்காரர், எனக்குப் பதினைந்து வயது இளையவர்.

"அங்கிள், நான்தான் எல்லாரையும் கழற்றச் சொன்னேன் என்று புகார் போயிருக்கிறது. துடைக்கிற வேலை குறையுமாம். என்னை வேறு கட்டடத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். இங்கிருந்து என் வீடு நடக்கிற தூரம்."

நான் மேலே போகவில்லை. நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். பதவிக்கு வந்து இரண்டு வாரமான ஓர் இளம்பெண் இருந்தாள். புகார்களைக் கணினியில்தான் பதிய வேண்டுமாம். நீர்க்கசிவு, சத்தம், வளர்ப்புப் பிராணி, மற்றவை என்று நாலு வகை இருந்தன. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு வகை இல்லை. 'மற்றவை' என்று போட்டாள்.

"நான்தான் முதலில் கழற்றினேன். துடைப்பவருக்கு அதில் பங்கு இல்லை."

"நன்றி, மிஸ்டர் வேதகிரி. அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பலகை, பென்சில், ஊரப்பாக்கம், முள் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் கொட்டினேன். அவள் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பாதிக்கப்பட்டவரின் பெயர்?" எழுத்து எழுத்தாகச் சொன்னேன். இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள். காகிதக் கைக்குட்டை ஒன்றையும் நகர்த்தி வைத்தாள்.

வியாழக்கிழமை லிஃப்டில் புது அறிவிப்பு. முன்கூடத்தில் காலணி கழற்றும் பழக்கத்தைத் தொடங்கியவர் இங்கே குடியிருக்கும் ஒருவர் எனத் தெரியவந்துள்ளது. திரு. தேவசகாயத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நிர்வாகம் வருந்துகிறது. அவர் தொடர்ந்து இதே கட்டடத்தில் பணிபுரிவார்.

விக்டர் துடைப்பத்தோடு அதைப் படித்துக்கொண்டு நின்றார். "அங்கிள், இது நான்தானே? இந்தப் பெயரை எப்படிச் சொல்வது?"

சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவையில் அவருக்கு வந்துவிட்டது.

அறிவிப்பைத் திருத்தச் சொல்லி நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. அது பத்து நாள் ஒட்டியிருந்தது. அந்தப் பத்து நாளும், எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாமல், லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.